விசிட் விசா: செக்ரோலில் பேர் இல்லாத வேலை



சில மாதங்களுக்கு முன் ஒரு சம்பள நாளன்று பின்நேரம், கீழ் டிவிஷனைச் சேர்ந்த ஒரு தங்கச்சி என் ஆபீசுக்கு வந்தார். வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய பாஸ்போர்ட். ஏழு மாதம் வேலை செய்திருக்கிறார், நாலு மாதச் சம்பளம்தான் கிடைத்திருக்கிறது. மீதி மூன்று மாதச் சம்பளத்தைக் கேட்டுப் பணியகத்துக்கு ஒரு மனு எழுதித் தரும்படி கேட்டார்.

எழுதுவதற்கு முன் அவருடைய பேரையும் பாஸ்போர்ட் நம்பரையும் கொடுத்து விசாரித்தேன். அந்தப் பேரில் வேலைக்குப் போனதாக எந்தப் பதிவும் இல்லை என்று பதில் வந்தது. பையிலிருந்த பழைய கடதாசிகளைப் பிரித்துப் பார்த்தேன். மடித்து நைந்து போன விசாக் கடதாசியில் 'டூரிஸ்ட்' என்று அச்சடித்திருந்தது.

"சார், நான் போனது டூரிஸ்டாவா? எனக்குத் தெரியவே தெரியாது சார். ஏர்போர்ட்டு வாசல்லதான் அந்தக் கடதாசியக் கையில குடுத்தாங்க. கேட்டா சுத்திப் பாக்கப் போறேன்னு சொல்லுன்னாங்க. அப்படியே சொன்னேன்" என்றார்.

அந்தத் தங்கச்சி சொன்ன அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வெளிநாடு போக வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. லயத்துக் காம்பராவுக்குக் கூரை மாற்றவும், பிள்ளையை ஏ லெவல் படிக்க வைக்கவும், அடகு வைத்த நகையை மீட்கவும் எத்தனையோ பேர் போய் உழைத்து நல்லபடி திரும்பியிருக்கிறார்கள். போகிறவர்கள் சரியான விசாவில் போக வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பாஸ்போர்ட் வேறு, விசா வேறு

நம்மில் பலர் பாஸ்போர்ட் எடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். பாஸ்போர்ட், அதாவது கடவுச்சீட்டு, நம் நாடு நமக்குத் தருவது. இன்னார் இலங்கைப் பிரஜை என்று மட்டும்தான் அது சொல்லும். விசா என்பது நாம் போகிற நாடு தருவது. நீ எங்கள் நாட்டுக்கு எதற்காக வருகிறாய், எத்தனை நாள் இருக்கலாம், இங்கே என்ன செய்யலாம் என்று அதில்தான் எழுதியிருக்கும்.

நமக்குப் பழக்கமான ஒன்றை வைத்துச் சொல்கிறேன். பெரிய பிரட்டில் பேர் கொடுத்து மலைக்குப் போனால் செக்ரோலில் பேர் விழும். பேர் விழுந்தால்தான் சம்பளம், சேமலாப நிதி, மலையில் விழுந்து கால் உடைந்தால் நட்டஈடு எல்லாம் உண்டு. பக்கத்துத் தோட்டத்திலிருந்து விருந்துக்கு வந்த ஒரு பெண் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய் 20 கிலோ கொழுந்து எடுத்தால் என்னாகும்? கொழுந்தைத் தராசில் நிறுத்து லொறியில் ஏற்றிவிடுவார்கள். ஆனால் அவருக்குப் பேர் விழாது. சம்பளம் கேட்டால், "நீ யாரும்மா, உன்னை யார் வேலைக்கு வரச் சொன்னது?" என்றுதான் கேட்பார்கள்.

விசிட் விசாவில் போய் வேலை செய்வது அப்படித்தான். சுற்றிப் பார்க்க வந்தவர் என்று அந்த நாட்டுப் புத்தகத்தில் எழுதியிருக்கும்போது, சமையல்கட்டில் இரவு பகலாக நின்றாலும் சட்டத்தின் கண்ணுக்கு அவர் வேலையாள் இல்லை.

விசிட் விசாவில் போனால் என்ன நடக்கும்?

முதலாவது, அனுமதித்த நாட்கள் முடிந்ததும் அங்கே இருப்பதே குற்றமாகிவிடும். விசிட் விசா பெரும்பாலும் 30 நாளுக்கோ 60 நாளுக்கோதான் தரப்படுகிறது. அதற்கு மேல் தங்கினால் தண்டப் பணம். டுபாய், அபுதாபி எல்லாம் சேர்ந்த ஐக்கிய அரபு அமீரகத்தில் இந்தத் தண்டத்தை நாள் ஒன்றுக்கு 50 திர்ஹம் என்று 2022ஆம் ஆண்டு நிர்ணயித்தார்கள். அந்தக் கணக்கில் ஆறு மாதம் கூடுதலாக இருந்தவர் 9,000 திர்ஹம் கட்ட வேண்டியிருக்கும். உழைத்த காசு அத்தனையும் அதற்கே போய்விடும்.

இரண்டாவது, சம்பளம் தராவிட்டாலும் அடித்தாலும் பொலிசுக்குப் போகப் பயம். போனால் முதலில் கேட்பது விசாவைத்தான். இது அந்த வீட்டுக்காரருக்கும் தெரியும், ஏஜென்டுக்கும் தெரியும். விசிட் விசாவில் ஆள் எடுப்பதே அதற்காகத்தானோ என்று எனக்குச் சில நேரம் தோன்றுவதுண்டு.

மூன்றாவது, நம் நாட்டிலும் பிடிமானம் இல்லாமல் போகிறது. இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைக்கப்பட்டது. வேலைக்காக வெளிநாடு போகிற எவரும் புறப்படும் முன் அதில் பதிவு செய்ய வேண்டும். பதிந்தவருக்குத்தான் பணியகத்தின் காப்புறுதி. பதிந்தவருடைய வேலை ஒப்பந்தம் கோப்பில் இருப்பதால் சம்பளப் பிரச்சினை வந்தால் தூதரகம் அதைக் காட்டிப் பேசலாம். பதியாதவருக்கும் தூதரகம் உதவத்தான் செய்யும், ஆனால் கையில் காட்ட ஒரு கடதாசி இருக்காது.

எங்கள் மேல் லயத்து அக்கா ஒருவர் குவைத்துக்குப் பதிவு செய்து போனவர். அவருக்கும் மூன்று மாதம் சம்பளம் நின்றது. கையில் ஒப்பந்தப் பிரதி இருந்தது. வீட்டார் இங்கிருந்து முறைப்பாடு கொடுத்தார்கள், அங்கே தூதரகம் அந்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பேசியது. காசு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது, ஆனாலும் முழுசாக வந்து சேர்ந்தது. கீழ் டிவிஷன் தங்கச்சிக்கும் அதே மூன்று மாதச் சம்பளம்தான் நின்றது. அவர் பட்ட கஷ்டம் அக்கா பட்டதைவிடக் கூட. அப்படியிருந்தும் காட்டுவதற்கு ஒரு துண்டுக் கடதாசிகூட அவரிடம் இல்லை.

இது ஒரு வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. 2022 நவம்பரில், சுற்றுலா விசாவில் ஓமானுக்கும் அபுதாபிக்கும் கூட்டிப் போகப்பட்ட இலங்கைப் பெண்கள் பற்றிக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரித்ததைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். ஆண் பிள்ளைகளையும் இது விட்டு வைக்கவில்லை. கம்பியூட்டர் வேலை என்று நம்பிச் சுற்றுலாவாகத் தாய்லாந்துக்குப் போன நம் நாட்டு இளைஞர்கள், எல்லை கடத்தப்பட்டு மியன்மாரில் மியாவதிப் பக்கத்து இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். 2024, 2025 ஆண்டுகளில் பலரை மீட்டுக்கொண்டு வந்தார்கள். படித்த பிள்ளை, அவனை ஏமாற்ற முடியாது என்று யாரும் இருந்துவிட வேண்டாம்.

லயத்துக்கு வரும் ஆள் என்ன சொல்வார்?

ஏஜென்டின் ஆள் பெரும்பாலும் வெளியாள் மாதிரி வரமாட்டார். பெரியம்மா மகனுக்குத் தெரிந்தவர், டவுனில் கடை வைத்திருப்பவர், முன்னே போய் வந்த அக்கா என்று யாரோ ஒருவர் மூலமாகத்தான் வருவார். கொழுந்து குறைந்து அரைப் பேர் விழுகிற மாதங்களில், கடைக் கடன் ஏறியிருக்கிற நேரமாகப் பார்த்து வருவார். அவர் வாயில் வழக்கமாக வருகிற பேச்சுகள் சில:

"இப்ப விசிட்டில போங்க, அங்க போனதும் வேலை விசாவா மாத்திக்கலாம்." மாற்றித் தருகிறேன் என்று சொன்னவர் அங்கே உங்களோடு இருக்கப் போவதில்லை. மாற்றவில்லை என்றால் நீங்கள் யாரைப் போய்க் கேட்பீர்கள்? உண்மையான வேலை இருந்தால் வேலை விசாவை இங்கே இருக்கும்போதே எடுத்து அனுப்பலாமே.

"பணியகத்துக்குப் போனா வீணா நாள் ஓடும், டிரெய்னிங் அது இதும்பாங்க." பயிற்சியும் பதிவும் நாள் எடுக்கும்தான். அந்தக் கொஞ்ச நாள் பொறுத்தால் இரண்டு வருஷத்துக்குப் பாதுகாப்பு.

"இந்தாங்க கைக்காசு, வீட்டுச் செலவுக்கு வச்சிக்கங்க." இதுதான் பெரிய பொறி. காசை வாங்கிவிட்டால் பிறகு வேண்டாம் என்று சொல்ல நமக்கு நாக்கு வராது. சொன்னால் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடு என்பார்கள். விசாவைக் கண்ணால் காணும் முன் ஒரு சதமும் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது.

"ஏர்போர்ட்டில கேட்டா சுத்திப் பாக்கப் போறேன்னு சொல்லுங்க." இந்த ஒரு வசனத்தைக் கேட்டவுடனே எழுந்து வீட்டுக்கு வந்துவிடுங்கள். நேர்மையான வேலைக்குப் பொய் தேவையில்லை. கட்டுநாயக்கவில் கேள்வி கேட்கிற உத்தியோகத்தர்கள் நமக்கு விரோதிகள் இல்லை. உண்மையைச் சொன்னால் காப்பாற்றக்கூடிய கடைசி ஆள் அவர்கள்தான்.

கடதாசியில் பொய் வேண்டாம்

விசா சரியாக இருக்க, அதற்கு அடியில் இருக்கிற கடதாசிகளும் சரியாக இருக்க வேண்டும். தோட்டத்தில் நமக்கு இது ஒரு பழைய வியாதி. பிறப்புச் சான்றிதழில் வள்ளியம்மை, அடையாள அட்டையில் வள்ளியம்மா, கலியாணச் சான்றிதழில் வள்ளி என்று இருக்கும். எழுதினவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். தகப்பன் பேரும் இப்படித்தான். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் முன்னமே இவற்றைச் சரி செய்துகொள்ளுங்கள். கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பகுதியிலும் வழி கேட்டால் சொல்வார்கள். பாஸ்போர்ட்டுக்குக் கொழும்புப் பக்கம் போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை, குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குக் கண்டியிலும் அலுவலகம் இருக்கிறது.

பேரைத் திருத்துவது ஒன்று, வயதை மாற்றுவது வேறொன்று. வயது காணாத பிள்ளைக்கு வயதைக் கூட்டி எழுதி அனுப்புவது எவ்வளவு பெரிய பாவம் என்பதற்கு மூதூர் றிசானா நபீக்கின் கதை ஒன்றே போதும். பிறப்புச் சான்றிதழின்படி அவர் பிறந்தது 1988இல். அனுப்பியவர்கள் எடுத்த பாஸ்போர்ட்டில் 1982 என்றிருந்தது. 2005இல் 17 வயதில் சவூதிக்குப் போனார். அவர் பார்த்துக்கொண்ட குழந்தை இறந்ததில் கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. அவர் சிறுபிள்ளை என்று இங்கிருந்து எத்தனையோ பேர் எடுத்துச் சொன்னார்கள். 2013 ஜனவரி 9ஆம் திகதி மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. உண்மையான வயது பாஸ்போர்ட்டில் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை வீட்டு வேலைக்குப் போயிருக்கவே முடியாது.

வீட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்குக் குறைந்த வயது எவ்வளவு, கைக்குழந்தை உள்ள தாய் போகலாமா என்பதற்கெல்லாம் விதிகள் உண்டு. அவை அவ்வப்போது மாறுகின்றன. பக்கத்து வீட்டில் கேட்டு நம்ப வேண்டாம். பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், அவரிடம் நேரே கேளுங்கள்.

சரியான வழி எது?

1. முதலில் ஏஜென்சியை விசாரியுங்கள். அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேளுங்கள். 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் பணியகத்தில் இரவு பகல் எந்த நேரமும் பேசலாம். இந்த ஏஜென்சிக்கு அனுமதி இருக்கிறதா, இந்த நாட்டுக்கு இந்த வேலைக்கு ஆள் எடுக்க ஒப்புதல் வாங்கியிருக்கிறார்களா என்று இரண்டு கேள்வியும் கேளுங்கள். ஏஜென்சிக்கு அனுமதி இருந்தாலும் அந்த வேலைக்கு ஒப்புதல் இல்லாமல் இருக்கலாம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஆள் அனுப்புவது சட்டப்படி குற்றம்.

2. கொரியா வேலை என்று யாராவது காசு கேட்டால் நம்ப வேண்டாம். தென் கொரியாவின் வேலை அனுமதித் திட்டத்துக்குப் பணியகம் மூலமாகத்தான் ஆள் எடுக்கிறார்கள். கொரிய மொழிப் பரீட்சை எழுதித் தேற வேண்டும். இடையில் எந்தத் தரகருக்கும் வேலை இல்லை.

3. ஒப்பந்தத்தைக் கையெழுத்துப் போடும் முன் வாசியுங்கள். வாசிக்க முடியாவிட்டால் என்னிடமோ பள்ளிக்கூட மாஸ்டரிடமோ கொண்டு வாருங்கள். சம்பளம் எவ்வளவு, என்ன வேலை, எத்தனை வருஷம், திரும்பி வரும் டிக்கட் யார் செலவு என்பது அதில் இருக்க வேண்டும்.

4. விசாவின் பிரதியைப் பயண நாளுக்கு முன்னமே கேட்டு வாங்குங்கள். ஏர்போர்ட் வாசலில் தருகிறேன் என்றால் பயணமே வேண்டாம். அதில் ஆறு விஷயம் பாருங்கள்: உங்கள் பேர், பாஸ்போர்ட் இலக்கம், விசாவின் வகை, தொழில், பொறுப்பெடுக்கும் முதலாளியின் பேர், எத்தனை நாள் செல்லும் என்பது. வகை என்ற இடத்தில் 'விசிட்' அல்லது 'டூரிஸ்ட்' என்றிருந்தால் அது வேலை விசா இல்லை. 'எம்ப்ளாய்மென்ட்' அல்லது 'வேர்க்' என்றிருக்க வேண்டும். இங்கிலீஷ் தெரியாவிட்டால் பாடசாலை போகிற பிள்ளையிடம் காட்டினாலும் வாசித்துச் சொல்லும். அரபியில் மட்டும் இருந்தால் பணியகத்தில் காட்டிக் கேளுங்கள்.

5. பணியகத்தில் பதிவு செய்த பின்னே புறப்படுங்கள். பதிவு இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும். மேலும் இருப்பதென்றால் புதுப்பிக்க வேண்டும்.

6. பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், ஏஜென்சியின் விலாசம் எல்லாவற்றிலும் ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். கைத்தொலைபேசியில் படம் எடுத்து வீட்டாருக்கும் அனுப்பி வையுங்கள். அங்கே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டாலும் இலக்கம் நம் கையில் இருக்கும்.

இந்தியாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரிந்து போன சொந்தங்கள் நீலகிரிப் பக்கம் கூடலூர், கோத்தகிரி, குன்னூர் என்று எத்தனையோ இடங்களில் இருக்கிறார்கள். கலியாணம், காரியம் என்று போய் வருகிறோம். நம்ம சொந்த ஊர் மாதிரித்தானே என்று நினைத்தாலும் விசா இல்லாமல் போக முடியாது. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலில் போனாலும் இதே விதிதான். சொந்தக்காரரைப் பார்க்கவும் கோயில் குளம் போகவும் சுற்றுலா விசா எடுக்கலாம். ஆஸ்பத்திரியில் சிகிச்சை எடுப்பதானால் அதற்கு மருத்துவ விசா தனியாக உண்டு, துணைக்குப் போகிறவருக்கும் தனி விசா உண்டு. படிக்கப் போகிற பிள்ளைக்கு மாணவர் விசா. சுற்றுலா விசாவில் போய் அங்கே மில்லிலோ கடையிலோ வேலைக்கு நிற்கக் கூடாது. கண்டியில் இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் இருப்பதால் சந்தேகத்துக்குக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை.

ஏற்கெனவே போய்விட்டவர்களுக்கு

உங்கள் வீட்டில் யாராவது விசிட் விசாவில் போய் அங்கே இருந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். ஏமாற்றியவர்தான் குற்றவாளி. ஏமாந்தவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. எந்த ஊர், எந்த வீடு, யார் கூட்டிப் போனது என்று கிடைக்கிற விபரம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த குரல் செய்தி, காசு போட்ட வங்கிச் சீட்டு, ஏஜென்டின் நம்பர் எதையும் அழித்துவிட வேண்டாம். 1989க்குச் சொல்லுங்கள். கண்டியில் உள்ள பணியகத்தின் அலுவலகத்திலும் முறைப்பாடு கொடுக்கலாம். அங்கே இருப்பவருக்கு ஆபத்து என்றால் இலங்கைத் தூதரகத்துக்குப் போகச் சொல்லுங்கள். அடைத்து வைப்பது, கை மாற்றி விற்பது போன்றவை ஆட்கடத்தல், அதைக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரிக்கும்.

கீழ் டிவிஷன் தங்கச்சிக்கு நான் மனு எழுதிக் கொடுத்தேன். சம்பளத்துக்கு அல்ல, அனுப்பிய ஆளின் மேல். சம்பளம் வரும் என்று அவரிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்போது அவர் திரும்பவும் மலைக்குப் போகிறார். பிள்ளை மடுவத்தில் விட்டுப் போன மகள் இரண்டு வாரம் வரைக்கும் அவரை அடையாளம் தெரியாமல் பாட்டி பின்னால் போய் ஒளிந்துகொண்டதாம்.

போன கிழமை அவரே இன்னொரு பிள்ளையை என் ஆபீசுக்குக் கூட்டி வந்தார். ஜோர்தான் போக ஆயத்தமாகிற பிள்ளை. "சாருக்கிட்ட விசாவக் காட்டு புள்ள. என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுவாரு. அதுக்குப் பொறகு சூட்கேசு வாங்கு" என்றார். கொண்டு வந்தது ஏஜென்சி அனுப்பிய ஒரு படம், கைத்தொலைபேசியில் இருந்தது. பெரிதாக்கி மூவரும் சேர்ந்து வாசித்தோம். பேர் சரி. பாஸ்போர்ட் இலக்கம் சரி. வகை என்ற இடத்தில் 'விசிட்' என்றிருந்தது. பிள்ளை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அங்கேயே உட்கார்ந்து 1989க்குப் பேசினார்.

உங்கள் வீட்டில் யாராவது போக ஆயத்தமானால் நீங்களும் அப்படியே கொண்டு வாருங்கள். சம்பள நாள் பின்நேரம் நான் ஆபீசில் இருப்பேன். ஐந்து நிமிஷ வேலைதான்.

இப்படிக்கு,
உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்